தவிட்டுக்கு விற்ற தம்பி

துரைக்கண்ணு வீட்டில் முட்டையை எங்கே ஒளிப்பார்கள் என்பது திண்டிவனம் மல்லாட்டைக் கிடங்குத் தெரு முழுக்கத் தெரிந்த ரகசியம். களி உருண்டைக்குள். கேப்பைக் களியைக் கிண்டி இறக்கிச் சூடு ஆறுவதற்குள் ராஜாமணி உருண்டை பிடிப்பாள். வரிசையாக உட்கார்ந்திருக்கும் உருண்டைகளில் ஒன்று மட்டும் மாசமான பொம்பளை மாதிரி கொஞ்சம் பிதுங்கியிருக்கும். அவித்து உரித்த முட்டை அதற்குள் இருக்கும். அந்த உருண்டை எப்போதும் சக்கரபாணியின் தட்டுக்குத்தான் போகும்.

"ஆறு பிள்ளை, ஒத்தக் கோழி. கோழிதான் பாவம் இன்னா பண்ணும்" என்பாள் எதிர்வீட்டு அஞ்சம்மாள். அவள் வீட்டில் ஒரே பிள்ளை, மூன்று கோழி. அதனால் அவளால் அடுத்த வீட்டுக் கோழிக்காகக்கூடப் பரிதாபப்பட முடிந்தது.

முட்டையை ஒளிக்கலாம், வாசனையை ஒளிக்க முடியுமா? கடைக்குட்டி பவுனு, சக்கரபாணி சாப்பிட்டு எழுந்ததும் பூனைக்குட்டி மாதிரி அவன் முகத்தருகே போய் மோந்து பார்ப்பாள்.

"அக்கா, அண்ணன் வாயில முட்டை வாசனை அடிக்குது."

"பள்ளிக்கூடம் போற வாயி அப்படித்தான் அடிக்கும். நீ போய் வெளையாடு" என்று ராஜாமணி முதுகில் ஒன்று வைப்பாள். யாரும் சொல்லி அவள் அப்படிச் செய்யவில்லை. முட்டையை ஒளித்தவள் அவள். மண்ணெண்ணெய் விளக்கை மற்றவர்களிடமிருந்து பிடுங்கி அவன் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தவள் அவள். மூன்றாம் வகுப்போடு ஸ்லேட்டைக் கீழே வைத்துவிட்டு, அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டவளும் அவள்தான். அந்த ஸ்லேட்டுதான் பிறகு அவனுக்குப் போனது.

அவன் ஒன்றும் பெரிய புத்திசாலி இல்லை. உண்மையைச் சொன்னால், ராஜாமணிக்கு அடுத்தவன் பெரியதம்பிதான் கணக்கில் புலி. கிடங்கு வாசலில் எத்தனை வேர்க்கடலை மூட்டை இறங்கியது, எத்தனை ஏறியது என்று வேடிக்கை பார்த்தபடியே மனசில் கூட்டிச் சொல்வான். அதைக் கேட்டு மகிழ்ந்த கிடங்கு மேஸ்திரி, அவனையே மூட்டை தூக்கக் கூப்பிட்டுக்கொண்டார். அப்பன் துரைக்கண்ணு ஒரு முனையைப் பிடிக்க மகன் மறுமுனையைப் பிடித்தான். பையனுக்கு அப்போது மீசைகூட அரும்பவில்லை. ஆறு வாய் இருக்கிற வீட்டில் எல்லாரும் படிக்க முடியாது. ஒன்று படிக்கலாம், மற்றதெல்லாம் அந்த ஒன்றைப் படிக்க வைக்கலாம். அந்தத் தெருவில் இதை யாரும் கொடுமை என்று நினைக்கவில்லை. கெட்டிக்காரத்தனம் என்றார்கள்.

சக்கரபாணிதான் அந்த ஒன்று என்று முடிவானது அவன் பிறந்த மாதத்திலேயே.

பெரியதம்பிக்குப் பிறகு வீரம்மாளுக்குப் பிறந்த இரண்டும் தொட்டில் கட்டுவதற்குள் போய்விட்டன. மூன்றாவதாக இவன் பிறந்ததும் ஊரில் வழக்கமாகச் செய்வதைச் செய்தார்கள். பிள்ளையைத் தவிட்டுக்கு விற்றார்கள். விற்றுவிட்டால் பிள்ளை இந்த வீட்டுப் பிள்ளை இல்லை. தேடி வரும் சாவு, விலாசம் தப்பு என்று திரும்பிப் போய்விடும் என்று கணக்கு. அடுத்த சந்தில் ரயில்வே பாயிண்ட்ஸ்மேன் பெண்சாதி அம்மணி இருந்தாள், பிள்ளை இல்லாதவள். அவள் ஒரு முறம் தவிட்டைக் கொண்டுவந்து வைத்தாள். துரைக்கண்ணு நாலு பேர் கேட்க "வித்தேன்" என்றான். அம்மணி "வாங்கினேன்" என்றாள். கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்துவிட்டு, "எம் புள்ளைய நீ வளத்துக் குடு" என்று வீரம்மாளிடமே நீட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள். தவிடு மாட்டுக்குப் போனது. பிள்ளை பிழைத்துக்கொண்டது. தெருவில் அவனுக்குத் தவிடன் என்று பேர் வந்தது. அம்மனே பார்த்துக் கொடுத்த பிள்ளை என்று வீட்டில் மரியாதை வந்தது.

அம்மணி புருஷனுக்கு விழுப்புரம் ஜங்ஷனுக்கு மாற்றலானபோது, சக்கரபாணியும் உயர்நிலைப் பள்ளிக்கூடத்துக்காக அவர்களோடு போனான். அங்கே அவன் ஒரே பிள்ளை. அவனுக்கென்று தனித் தட்டு, தனிப் பாய், யாரும் பிடுங்காத விளக்கு. முட்டையை ஒளிக்க வேண்டிய அவசியம் இல்லை. விடுமுறைக்கு வரும்போது கன்னம் உப்பியிருக்கும். வந்த இடத்தில் ஐந்து பேரோடு படுக்கத் தெரியாமல் புரண்டுகொண்டிருப்பான். அம்மணியின் புருஷன் செத்த பிறகும் அவன் அங்கேயே இருந்து எஸ்.எஸ்.எல்.சி. முடித்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் ஜங்ஷன் கூட்ஸ் ஷெட்டிலேயே கிளார்க் ஆனான். அந்த வாரம் வீரம்மாள் தெருவில் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். தண்ணீர்க் குடம்கூட இடுப்பில் ஒரு தினுசாக உட்கார்ந்திருந்தது.

ராஜாமணிக்கு அப்போது இருபத்தைந்து. மற்ற வீடுகளில் அந்த வயசுக்காரி மூன்று பெற்றிருப்பாள். "தம்பி சம்பளம் வரட்டும், மறு மாசமே உனக்கு முடிச்சிடறேன்" என்று வீரம்மாள் வருஷக்கணக்காகச் சொல்லிவந்தாள். எண்ணெய் மில்லில் மல்லாட்டைப் பருப்புப் பொறுக்கியபடி ராஜாமணி அந்த மறு மாசத்தை நினைத்துக்கொண்டிருந்தாள். மாசங்கள் வந்தன. மறு மாசம் மட்டும் வரவில்லை. சின்னவனுக்குக் காய்ச்சல், அப்பனுக்கு இடுப்புப் பிடிப்பு, கூரைக்கு ஓலை என்று சம்பளம் வந்த வழியே கரைந்தது.

அறுபத்தொன்றில் தரகர் நடராசன் வந்து உட்கார்ந்தார். ராஜாமணி உள்ளே கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். பேச்சு காதில் விழ முறத்தை நிறுத்தினாள். ஆனால் அவர் வந்தது அவளுக்காக இல்லை.

"பனமலையில சிங்காரம்னு ஒருத்தர். ஏரிப் பாசன நெலம். பொண்ணு பேரு கிளியம்மாள், லட்சணமா இருக்கும். ரயில்வே மாப்பிள்ளைன்னதும் வாயப் பொளந்துட்டாரு. ஒரே ஒரு பேஜாரு."

"இன்னா பேஜாரு?" என்றாள் வீரம்மாள்.

"இப்பல்லாம் சம்பளம் எவ்ளோன்னு கேக்கறதில்லம்மா. கூடப்பொறந்தது எத்தனைன்னு கேக்கறாங்க. கேட்டுட்டு அவுங்களே வகுத்துப் பாத்துக்கறாங்க. பிக்கல் பிடுங்கல் இல்லாத எடமா வேணும்னு சிங்காரம் கண்டிசனா சொல்லிட்டாரு." நடராசன் வீட்டைச் சுற்றி ஒருமுறை கண்ணை ஓட்டினார். "இங்க இன்னா இருக்குது? கல்யாணம் ஆவாத அக்கா. மூட்ட தூக்கற அண்ணன். கீழ மூணு உருப்படி. இதப் போய்ச் சொன்னா மனுசன் செருப்ப மாட்டிக்கினு எழுந்துடுவாரு."

வீரம்மாள் வெற்றிலைத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். பிறகு, மாவு சலிக்கும்போது கல் தட்டுப்பட்ட மாதிரி முகம் மாறியது.

"அவன் எங்க புள்ளையே இல்லியே" என்றாள்.

"இன்னாம்மா சொல்றே?"

"அம்மணிக்குத் தவிட்டுக்கு வித்துட்டோமே. ஊரே பாத்துது. அங்கதான் வளந்தான், அங்கதான் இருக்கான். அவ ஒண்டிக்கட்டை. அவளுக்கு இவன் ஒரே புள்ள. இதுல பொய்யி எங்க இருக்குது?"

நடராசன் வாயில் இருந்த வெற்றிலையை மெல்ல மறந்துபோனார். அவர் தொழிலில் எத்தனையோ பொய்யைப் பார்த்தவர். பொய்யே சொல்லாமல் சொல்கிற பொய்யை அன்றைக்குத்தான் பார்த்தார்.

அவர் போனதும் ராஜாமணி முறத்தோடு வெளியே வந்தாள்.

"அப்போ நான் அவனுக்கு யாரும்மா?"

"வாயால சொல்றதுதானேடி! ரத்தம் மாறிடுமா? கழுத்துல தாலி ஏர்ற வரைக்கும்தான். அப்புறம் பொண்ணு வூடு கை நெறஞ்ச எடம், உனக்கும் ஒரு வழி பொறக்கும்."

"என் கல்யாணத்தன்னிக்கு?"

"அன்னிக்கு அவன் பந்தல்ல வந்து நின்னு, இவ எங்க அக்கான்னு சொல்லுவான். நான் சொல்ல வைக்கிறேன். போதுமா?"

ராஜாமணிக்கு அது போதுமாக இருந்தது. கட்டாயப்படுத்தினார்கள் என்றெல்லாம் அவளுக்காகப் பிற்பாடு வக்காலத்து வாங்கியவர்கள் உண்டு. அதெல்லாம் இல்லை. களியில் முட்டையை ஒளித்தவளுக்கு, இந்த முறை தன்னையே கொஞ்ச நாள் ஒளித்துக்கொள்வது புதுசாகத் தெரியவில்லை.

கல்யாணம் பனமலையில் பெண் வீட்டுப் பந்தலில் நடந்தது. மாப்பிள்ளையின் தாயாக அம்மணி பட்டுச் சேலையில் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தால் அவளே பத்து மாசம் சுமந்தவள் மாதிரி இருந்தது. விதவை முன்னால் நிற்கிறாளே என்று முணுமுணுத்தவர்களைச் சிங்காரமே அடக்கினார். துரைக்கண்ணுவும் வீரம்மாளும் 'பழைய ஊர்க்காரங்க' என்று பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பெரியதம்பி வரவில்லை. ராஜாமணி, அம்மணிக்குக் கூடமாட ஒத்தாசைக்கு வந்த பெண் என்ற கணக்கில் மோர்ப் பானையோடு நின்றாள். முந்தின நாள் ராத்திரிப் பந்தியில் சக்கரபாணி இலைக்கு அவள் மோர் ஊற்றியபோது அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா" என்றான்.

நல்ல மரியாதையாகத்தான் சொன்னான். ஒருநாளும் அவளை அவன் 'அம்மா' போட்டுப் பேசியதில்லை. 'ஏய் ராஜாமணி' என்றுதான் கூப்பிடுவான்.

காலையில் தாலி கட்டும் நேரம். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போடுவான். மற்ற இரண்டும் அவன் கூடப்பிறந்தவள் போட வேண்டியது. அய்யர் திரும்பிப் பார்த்தார்.

"நாத்தனார் யாரும்மா? ஜல்தி வாங்க, நேரம் போவுது."

மேளக்காரன் அடித்துக்கொண்டே இருந்தான். யாரும் வரவில்லை. பந்தல் காலுக்குப் பக்கத்தில் நின்ற ராஜாமணியின் உடம்பு அரை அடி முன்னால் போனது. வீரம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே அவள் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். கடைசியில் நடராசனின் பெண்சாதி போய், நாத்தனார் இடத்தில் நின்று இரண்டு முடிச்சைப் போட்டுவிட்டு, அதற்குண்டான சேலையையும் வாங்கிக்கொண்டு வந்தாள். முடிச்சு சரியாக விழவில்லை, திரும்ப இறுக்க வேண்டியிருந்தது என்று அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் சொன்னார்கள்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் பவுனு, ராஜாமணியின் முந்தானையைத் தடவிப் பார்த்தாள். தலைப்பில் அடுத்தடுத்து இரண்டு முடிச்சு.

"இன்னாக்கா முடிஞ்சி எடுத்தாந்தே? பலகாரமா?"

"ஒண்ணுமில்ல."

பவுனு நம்பவில்லை. முட்டை விஷயத்தில் ஏமாந்தவள். அக்காவின் 'ஒண்ணுமில்ல'வை அவள் எப்போதுமே நம்புவதில்லை. அவிழ்த்துப் பார்த்தாள். நிஜமாகவே ஒன்றும் இல்லை.

மறு வருஷம் துரைக்கண்ணு கிடங்கில் மூட்டையோடு விழுந்து, எழுந்திருக்கவில்லை. பெரியதம்பி கொள்ளி வைத்தான். சின்னத் தம்பிகள் இரண்டு பேரும் தலை மழித்தார்கள். சக்கரபாணி கருமாதிக்கு மாமனாரோடு வந்தான். முடியை எண்ணெய் போட்டு வகிடெடுத்து வாரியிருந்தான். மீசை மீசையாகவே இருந்தது. துக்கம் கேட்க வந்த அசலார் மாதிரி பெஞ்சில் உட்கார்ந்து, "எப்படி ஆச்சிங்க?" என்று பெரியதம்பியிடம் விசாரித்தான். மொட்டைத் தலையோடு பெரியதம்பி அவனை ஒரு பார்வை பார்த்தான். "கனம் தாங்கல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். அஞ்சம்மாள் அன்றைக்கு ஒரு வாரத்துக்குப் பேச விஷயம் சேர்த்துக்கொண்டாள்.

இதெல்லாம் கூடப் போகட்டும். மயிலம் சோடாக்காரன் சங்கதிதான் பெரிது.

ராஜாமணி முப்பதை எட்டிப் பிடித்த சமயம், மயிலத்தில் சோடா கம்பெனி வைத்திருந்த ஒருவன், பெண்சாதி இறந்தவன், பிள்ளை இல்லாதவன், அவளைக் கேட்டு ஆள் அனுப்பினான். நல்ல இடம். கேட்டதற்குக் காரணமும் இருந்தது. பெண்ணுக்கு ரயில்வேயில் ஒரு தம்பி இருப்பதாக எவனோ சொல்லியிருக்கிறான். சோடா பாட்டில் பெட்டிகளை ரயிலில் அனுப்ப உதவும் என்று மாப்பிள்ளை மனக்கணக்குப் போட்டிருந்தான். ராஜாமணி மில்லுக்குப் போகும் வழியில் மயிலம் பஸ்ஸை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தாள். பல் தேய்க்க அடுப்புக்கரிக்குப் பதில் பல்பொடி வாங்கினாள். பொடிப் பொட்டலத்தை அஞ்சம்மாள் பார்த்துவிட்டாள்.

சம்பந்தம் உறுதி என்று பெண் வீட்டில் கைநனைப்பதற்கு முன்னால் சோடாக்காரனின் தாய்மாமன் விழுப்புரத்துக்குப் போய் விசாரித்தார். கூட்ஸ் ஷெட்டில் சக்கரபாணிக்குப் பக்கத்து நாற்காலியில் அன்றைக்கென்று சிங்காரத்தின் மூத்த மகன் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தானாம்.

"திண்டிவனம் துரைக்கண்ணு மக ராஜாமணி, உங்க அக்காங்களா?"

சக்கரபாணி மச்சானைப் பார்த்தான். காப்பி டம்ளரைப் பார்த்தான்.

"தெரிஞ்சவங்க" என்றான். "நல்ல குடும்பம்."

நல்ல குடும்பம் என்று சொன்னதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் தாய்மாமன் மயிலம் திரும்பி, "தம்பியுமில்ல கிம்பியுமில்ல, தெரிஞ்சவங்களாம். இல்லாத ஒறவைச் சொல்லிப் பொண்ணைத் தள்ளப் பாக்கறாங்க" என்றார். சோடாக்காரன் அந்த ஆவணியிலேயே செஞ்சியில் பெண் கட்டிக்கொண்டான்.

வீரம்மாள் பனமலைக்கு ஓடினாள். ராஜாமணியையும் கையோடு இழுத்துக்கொண்டு போனாள். சிங்காரம் களத்தில் நெல் தூற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சம்பந்தி" என்று ஆரம்பித்தாள் வீரம்மாள். வாய் தவறி வந்துவிட்டது. பிறகு அதையே பிடித்துக்கொண்டாள். "உங்ககிட்ட ஒண்ணு மறைச்சிட்டோம். சக்கரபாணி என் வயித்துல பொறந்தவன். இவ அவன் கூடப்பொறந்த அக்கா. அவன் ஒரு வார்த்த சொல்லியிருந்தா இவளுக்கு வாழ்வு வந்திருக்கும்."

அவர் அதிர்ச்சி அடைவார், கத்துவார் என்று அம்மாவும் மகளும் வழியெல்லாம் பயந்துகொண்டு வந்திருந்தார்கள். சிங்காரம் சிரிக்கக்கூட இல்லை.

"தெரியுமேம்மா" என்றார். "பொண்ணக் குடுக்கறவன் விசாரிக்காமலா குடுப்பேன்? ஆறு பேருன்னு தெரியும். மூட்டக்காரன் தெரியும். இவங்களயும் தெரியும், பந்தியில மோரு ஊத்தினாங்களே."

வீரம்மாள் மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"தெரிஞ்சிருந்தா ஏன் குடுத்தேன்னுதானே கேக்கறே? வெறும் ஆறு பேருள்ள எடம்னா குடுத்திருக்க மாட்டேன். நீங்களே, அவன் எங்க புள்ள இல்ல, வித்துட்டோம்னு ஊரறிய சொல்லி அனுப்பினீங்க பாரு, அதுக்குத்தான் குடுத்தேன். இனிமே நீங்க வந்து எம்புள்ளன்னு கேக்க முடியாதில்ல? வித்தவங்களுக்கு இன்னா பாத்தியத? போய்ட்டு வாம்மா. வெயில் ஏறுது, மோரு குடிச்சிட்டுப் போங்க."

தாங்கள் ஏமாற்றியதாக இரண்டு வருஷம் தூக்கம் கெட்டுக் கிடந்தவர்கள் அவர்கள். ஏமாந்தது யார் என்று களத்துமேட்டில் நிற்கும்போதுதான் தெரிந்தது. ராஜாமணி மோர் குடிக்கவில்லை. பஸ்ஸுக்கு நடக்கும்போது வீரம்மாள் நடராசனைத் திட்டினாள், அம்மணியைத் திட்டினாள், சோடாக்காரனைத் திட்டினாள். திட்ட வேண்டிய ஒருத்தியை விட்டுவிட்டு எல்லாரையும் திட்டினாள்.

"நீ வாய மூடிக்கினு வாம்மா" என்றாள் ராஜாமணி. அதற்குப் பிறகு கல்யாணப் பேச்சை அந்த வீட்டில் யாரும் எடுக்கவில்லை. மறு நாள் காலை அவள் மில்லில் பழைய இடத்தில் உட்கார்ந்து பருப்புப் பொறுக்கினாள். பல்பொடி தீர்ந்ததும் கரிக்கே திரும்பினாள்.

வருஷங்கள் போயின. பெரியதம்பி கூன் போட்டுவிட்டான். பவுனும் மில்லுக்கு வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். அறுபத்தெட்டு வாக்கில் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் சிவப்பு முக்கோணம் வரைந்து, இரண்டு அல்லது மூன்று குழந்தைகள் போதும் என்று எழுதினார்கள். பக்கத்தில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். நாலு பேருக்கும் புதுச் சட்டை, சிரித்த முகம். பெரியதம்பி ஒருநாள் அதற்கு முன்னால் வெகுநேரம் நின்றிருந்துவிட்டு, "இதுல நாம எது?" என்று பவுனிடம் கேட்டானாம். பவுனு, "நாம சொவத்துக்குப் பின்னால" என்றாளாம்.

சக்கரபாணி வீட்டில் அந்த இரண்டு மூன்றுகூடத் தங்கவில்லை. கிளியம்மாளுக்குப் பிறந்த முதல் இரண்டும் மாதம் நிறையும் முன் போய்விட்டன. மூன்றாவது ஒரு பெண். சிங்காரம் பேத்தியைக் காப்பாற்ற டாக்டரிடமும் போனார், திருவக்கரை அம்மனிடமும் போனார். அங்கே அருள் வந்து ஆடியவள் சொல்லிவிட்டாள்: பிள்ளையைத் தவிட்டுக்கு விற்க வேண்டும். அதுவும் கண்டவளிடம் இல்லை. அப்பனைத் தூக்கி வளர்த்த கையில் விற்க வேண்டும்.

கிளியம்மாள் மாமியார் அம்மணியைப் பார்த்தாள். அம்மணிக்கு வயசாகிவிட்டது, சாவு பயமும் வந்துவிட்டது. அம்மன் பேரில் பொய் சொல்ல முடியவில்லை. "நான் வளந்தவனத்தாம்மா வச்சிக்கினேன். தூக்கி வளத்தது அவ" என்றாள். எவள் என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, மல்லாட்டைக் கிடங்குத் தெருவில் வாடகைக் கார் ஒன்று வந்து நின்றது. சக்கரபாணி, கைக்குழந்தையோடு கிளியம்மாள், முன்சீட்டில் சிங்காரம். தெரு முழுக்க வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்தது. வீரம்மாள் கும்பிட்டபடி ஓடிவந்து, நிற்கத் தெரியாமல் நின்றாள்.

சிங்காரம்தான் விஷயத்தைச் சொன்னார். "தவிடு இருக்குமில்ல வூட்ல?"

இல்லை. கேப்பை தின்கிற வீட்டில் நெல் தவிடு எங்கிருந்து வரும்? வாங்குகிறவள்தான் தவிடு கொடுக்க வேண்டும். அஞ்சம்மாள் ஓடிப்போய்த் தன் வீட்டு மாட்டுக்கு வைத்திருந்த தவிட்டைத் தன் முறத்திலேயே அள்ளிக்கொண்டு வந்தாள். அருகில் நின்று பார்ப்பதற்கு அதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா?

ராஜாமணி முறத்தை வாங்கி வாசலில் வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். சக்கரபாணி பிள்ளையை வாங்கி அவள் பக்கம் நீட்டினான். அவன் தலையில் இளநரை தொடங்கியிருந்ததை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

"வித்தேன்" என்றான்.

"யாருக்கு?" என்றாள் அவள்.

"உனக்குத்தான்."

"பேரு சொல்லி விக்கணும். எங்கப்பா அப்படித்தான் வித்தாரு."

"ராஜாமணிக்கு வித்தேன்."

"எந்த ராஜாமணி? இந்தத் தெருவுல ரெண்டு ராஜாமணி இருக்காங்க."

யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். சக்கரபாணி பிள்ளையை இன்னும் கொஞ்சம் நீட்டினான். "துரைக்கண்ணு மக ராஜாமணிக்கு வித்தேன்."

"துரைக்கண்ணு உனக்கு யாரு?"

தெருவில் சிரிப்பு நின்றது. வீரம்மாள், "அடியே, வேணாண்டி" என்றாள். சிங்காரம் காரில் சாய்ந்தபடி தொண்டையைக் கனைத்தார். அவ்வளவுதான் செய்தார். சக்கரபாணி அந்தக் கனைப்பின் பக்கம் பாதி திரும்பினான், பிறகு பிள்ளையைப் பார்த்தான், பிறகு முறத்தைப் பார்த்தான். ஒரு வார்த்தை. கல்யாணப் பந்தலுக்கென்று அம்மா வாக்குக் கொடுத்த அதே வார்த்தை. பந்தல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று ராஜாமணி இந்த வாசலுக்கு இறங்கி வந்திருந்தாள்.

அவன் சொல்லவில்லை.

"வாங்கினேன்" என்றாள் ராஜாமணி. பிள்ளையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

கொஞ்ச நேரம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. வாங்கினவள் மடியில் வைத்திருந்துவிட்டுத் தானாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதுதான் வழக்கம். கொடுக்காவிட்டால் என்ன செய்வது என்று வழக்கத்தில் இல்லை. பெரியதம்பி கதவுக்கு முன்னால் வந்து கூனோடு உட்கார்ந்துகொண்டான். சிங்காரம் அப்போதுதான் முதல்முறையாக முகம் வெளுத்தார்.

"இன்னாம்மா இது? ஏய், கதவத் தொறக்கச் சொல்லு!"

"வித்தவங்களுக்கு இன்னா பாத்தியத?" என்றது கதவுக்கு உள்ளேயிருந்து குரல்.

உள்ளே ராஜாமணி சுவரில் சாய்ந்து பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டாள். சக்கரபாணி பிறந்தபோது இருந்த அதே நெற்றி. இது தன்னது என்று சொல்ல ஊரே சாட்சி. வைத்துக்கொண்டால் ஒரே பிள்ளை. முட்டையை ஒளிக்க வேண்டாம், விளக்கைப் பிடுங்க வேண்டாம். அந்த நினைப்பு அவளுக்கு எவ்வளவு நேரம் இருந்ததோ. பிள்ளை விழித்துக்கொண்டது. அவள் ரவிக்கைப் பக்கம் முகத்தைத் திருப்பித் தேடியது. தேடிக் கிடைக்காமல் வீறிட்டது. அவள் ஆட்டினாள், தட்டினாள், விரலை வைத்தாள். விரலை இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு, ஏமாந்த கோபத்தில் அது இன்னும் உரக்கக் கத்தியது.

வெளியே கிளியம்மாளின் மார்ச் சேலை நனைந்துவிட்டது. அவள் புருஷனையும் பார்க்கவில்லை, அப்பனையும் பார்க்கவில்லை. பெரியதம்பியைத் தாண்டிப் போய்க் கதவில் வாயை வைத்தாள்.

"அண்ணி" என்றாள், புருஷனின் அக்காவை அழைக்கிற முறையில். "அதுக்குப் பசிக்குது அண்ணி."

சொல்ல வேண்டியவன் சொல்லாததை அவள் சொல்லிவிட்டாள். ராஜாமணி அதைக் கேட்டாள். அவள் எதிர்பார்த்துக் காத்திருந்தது அந்த வாயிலிருந்து இல்லை. ஆனால் பிள்ளையின் அழுகைக்கு அந்த வித்தியாசம் தெரியுமா?

கதவு திறந்தது. "எம் புள்ளைய நீ வளத்துக் குடு" என்று கிளியம்மாளின் கையில் கொடுத்தாள். சம்பிரதாயத்துக்கு ஒரு எழுத்துகூடக் குறையவில்லை. கிளியம்மாள் அங்கேயே சுவர் ஓரம் திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்தாள். சிங்காரம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆக வேண்டியதைப் பார் என்று மருமகனுக்குக் கை காட்டினார். விற்றவர் தவிட்டை எடுத்துப்போய்த் தன் மாட்டுக்கு வைக்க வேண்டும். சக்கரபாணி குனிந்து முறத்தைத் தூக்கினான். ஒரு பிடி சிந்தாமல் கவனமாகத் தூக்கினான். காருக்குள் மடியில் வைத்துக்கொண்டான்.

கார் போனதும் தெரு கலைந்தது. ராஜாமணி மில்லுக்குக் கிளம்பினாள். அரை நாள் கூலி போனது போனதுதான்.

மறு நாள் காலை அஞ்சம்மாள் வந்து வாசலில் நின்றாள்.

"தவிடு போனாப் போவுது, ராஜாமணி. என் முறம் எங்கடி?"

ராஜாமணி உள்ளே போய்த் தன் வீட்டில் கேப்பை புடைக்கிற முறத்தை எடுத்து வந்து கொடுத்தாள்.